தண்ணீருக்குள் ஆள் இருந்தபோது முடிந்துபோன காண்ட்ராக்ட்

அருளுக்கும் ரோஸிக்கும் அப்பா எழுதுகிறேன்.

செல்வம் மாமாவின் இடது தோளில் இருக்கும் நீளமான தழும்பைத் தொட்டுத் தொட்டு நீங்கள் கேட்பீர்கள். கடலுக்குள் பாறை கிழித்துவிட்டது என்று மாமா சொல்வான். பாறை இல்லை. அது நடந்த அன்று நான் அங்கே இருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் நாளைக்கு ஏதாவது ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காரப்போகிறீர்கள். அதனால் இதை எழுதி வைக்கிறேன். உங்கள் அம்மாவுக்குப் பாதிதான் தெரியும். அவள் தம்பி விஷயம் என்பதால் மீதியை நானே மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

1. என் நாற்காலி

நான் பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும் முடித்தவன். துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரசு நிறுவனத்தின் ஆபீஸில் காண்ட்ராக்ட் செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காண்ட்ராக்ட் டெண்டராகப் பிறந்து, ஒர்க் ஆர்டராகி, வேலை நடந்து, நாள் நீட்டிக்கப்பட்டு, கடைசியில் 'க்ளோஸ்' ஆகும் வரைக்கும் எல்லாவற்றையும் சாஃப்ட்வேரில் ஏற்றுவது என் வேலை. முன்பு எல்லாம் ஃபைலில் இருந்தது. இப்போது எல்லாம் ஸ்கிரீனில். நானும் அந்த ஸ்கிரீனில் ஒரு வரிதான். என்னை ஏஜென்சி மூலமாக எடுத்திருக்கிறார்கள். அந்த ஏஜென்சியின் காண்ட்ராக்டும் அதிலேயே இருக்கிறது. அது முடிகிற தேதியைத் தினமும் ஒருமுறை பார்ப்பேன். பார்க்காவிட்டால் சோறு இறங்காது.

எங்கள் நிறுவனத்துக்குக் கடல் தண்ணீர் வேண்டும். கால்வாய் வழியாக வரும் தண்ணீரை இரண்டு பெரிய பம்புகள் இழுக்கும். ஒவ்வொரு பம்புக்கும் முன்னால் தண்ணீருக்குள் ஒரு குழி, அதில் ஓர் இரும்புக் கம்பி வேலி. அந்தக் கம்பிகளில் கத்தி மாதிரி ஓரம் கூர்மையான கொட்டலசும் சிப்பியும் ஒட்டி வளர்ந்து வழியை அடைத்துவிடும். அதைச் சுரண்டி எடுக்க ஆட்கள் உள்ளே இறங்க வேண்டும். சங்கு குளிக்கிறவர்களைத்தான் காண்ட்ராக்டர் கூட்டிவருவார். உங்கள் மாமாவும் அப்படித்தான் வந்தான்.

ஆள் இறங்குவதற்கு முன்னால் அந்தப் பம்பை நிறுத்திவிட வேண்டும். பம்ப் ஓடினால் தண்ணீர் ஆளைக் கம்பியோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கையை எடுக்கக்கூட விடாது.

பேப்பர் காலத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பம்பின் ஸ்விட்சில் ஒரு பூட்டைப் போட்டுச் சாவியை இறங்குகிற ஆளிடமே கொடுத்துவிடுவார்கள். மாமா அதைக் கழுத்தில் தொங்கும் மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பான். அவன் மேலே வந்து, உடம்பைத் துடைத்து, தன் கையால் திறந்தால்தான் பம்ப் ஓடும். இன்ஜினியரே வந்து நின்றாலும் அதுவரைக்கும் ஓடாது.

சாஃப்ட்வேர் வந்தபோது சொல்லிக்கொடுக்க வந்த பையன், "இனிமே பூட்டு சிஸ்டத்துலயே இருக்கு சார்" என்றான். ஆள் இறங்கும்போது 'பெர்மிட்' என்று ஒரு சிவப்பு வரி விழும். அது பம்ப் ஹவுஸ் ஸ்கிரீனிலும் தெரியும். சிவப்பு இருக்கிறவரை பம்பைத் தொடக்கூடாது. பழைய பூட்டுகளையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு என் மேஜைக்கு அடியில் தள்ளினார்கள். கால் நீட்டும்போதெல்லாம் அது இடிக்கும்.

2. "அமுக்கும்வே"

அது மார்ச் மாதக் கடைசி. முடிந்த காண்ட்ராக்டுகளையெல்லாம் க்ளோஸ் பண்ணச் சொல்லி மேலிடத்திலிருந்து தினமும் போன். எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. வேலை கொஞ்சம் பாக்கி இருந்தாலும் மார்ச்சுக்குள் முடிந்ததாகக் காட்டிவிட்டு, மீதியை ஏப்ரலில் செய்துகொள்வார்கள். ஃபைலில் இருந்தவரைக்கும் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காகிதத்தில் ஒரு சீல் விழும், அவ்வளவுதான்.

அன்று காலையில் வீடியோ மீட்டிங். எங்கள் இன்ஜினியர் சார் நடுவில், நான் பக்கத்தில் மவுஸோடு. பெரிய ஸ்கிரீனில் சென்னை அதிகாரி. எங்கள் சாஃப்ட்வேர் பக்கத்தை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்டேக் கிளீனிங் ஏன் இன்னும் ஓப்பனா இருக்கு?" என்றார் அதிகாரி. கம்பி சுரண்டுகிற வேலைக்கு ஸ்கிரீனில் அதுதான் பெயர்.

"கடைசி ரவுண்டு ஓடுது சார். முடிஞ்ச மாதிரிதான்."

"முடிஞ்ச மாதிரின்னா முடிஞ்சதா, இல்லையா?"

"முடிஞ்சது சார்."

"அப்ப க்ளோஸ் பண்ணுங்க. இப்பவே பண்ணுங்க, நான் பார்க்கணும்."

சார் என் பக்கம் குனிந்தார். "அமுக்கும்வே."

அன்று காலையில் மாமாவுக்கு கேட் பாஸ் அடித்துக் கொடுத்ததே நான்தான். "சார், ஆள் உள்ள இறங்கியிருக்கான்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரலில்தான் சொன்னேன்.

"அது பெர்மிட்டு. இது காண்ட்ராக்ட்டு. அதுக்கும் இதுக்கும் என்னவே சம்பந்தம்? அவரு பாத்துக்கிட்டு இருக்காரு, மானத்த வாங்காதீரும்" என்று அவர் என் கையை விலக்கி, மவுஸைப் பிடித்துத் தானே அமுக்கினார்.

"குட்" என்றார் சென்னை அதிகாரி. அடுத்த காண்ட்ராக்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் ஸ்கிரீனின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். காண்ட்ராக்ட் வரி சாம்பல் நிறமாகியிருந்தது. அதன் கீழே இருந்த கேட் பாஸ் சாம்பல். அதற்கும் கீழே, சிவப்பாக இருந்த பெர்மிட்டும் சாம்பல். தலை போனால் உடம்பும் போகிற மாதிரி, காண்ட்ராக்டை மூடினால் அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் சாஃப்ட்வேர் தானாக மூடிவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது காண்ட்ராக்டை மூடுகிற ஆபீஸ் ஒன்று இருக்கும் என்று அந்த சாஃப்ட்வேரைச் செய்தவர்களுக்கும் தோன்றியிருக்காது.

பிள்ளைகளே, பயம் என்றால் நெஞ்சு படபடக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்படி இல்லை. காது அடைத்துக்கொண்டது. சார் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை.

3. பம்ப் ஹவுஸ்

"சார், பெர்மிட்டும் போயிட்டு" என்றேன். மீட்டிங் முடியட்டும் என்று அவர் கையால் காட்டினார். எழுந்து வெளியே ஓடினேன். அப்படி எழுந்துபோனால் என் வரி சாம்பலாகிவிடுமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நேரத்திலும் அது வந்தது என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

இன்டர்காமில் பம்ப் ஹவுஸைக் கூப்பிட்டேன். அங்கே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள் போல, பிஸி டோன்தான் விட்டுவிட்டு வந்தது. அங்கே செல்போனுக்கு அனுமதி இல்லை, எல்லாம் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். பைக்கை எடுத்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி அண்ணாச்சி கையை நீட்டி மறித்தார். "ஹெல்மெட் எங்கவே? மாப்பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமோ?"

"அண்ணாச்சி, செல்வம் தண்ணிக்குள்ள கிடக்கான். பம்ப போட்டுருவாங்க."

அவர் கையை எடுத்தார். தடுப்புக் கட்டையைத் தூக்கினார். "போ, போ, போ" என்று பின்னால் கத்திக்கொண்டே இருந்தார்.

கால்வாய்க் கரையில் உப்புக்காற்று எதிரே தள்ளியது. பாதி வழியில் ஓர் உறுமல் கேட்டது. பம்ப் எடுக்கும் சத்தம். அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டவன் நான். அன்றைக்கு மட்டும் அதைக் கேட்டதும் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கினேன்.

பைக்கை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ஆபரேட்டர் பாலையா அண்ணாச்சி இன்டர்காமில் யாரிடமோ, "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேனலில், மாமா இறங்கியிருந்த ஒன்றாம் நம்பரின் சிவப்பு ஸ்டாப் பட்டன், காளான் மாதிரி உருண்டையாக இருக்கும். அதை உள்ளங்கையால் அடித்தேன்.

"ஏல, என்னல பண்ணுத? ரெண்டாம் நம்பர் சூடேறிக் கிடக்கு, கன்ட்ரோல் ரூம்ல கத்துதாங்க!"

"ஆள் உள்ள இருக்கான் அண்ணாச்சி!"

"சிவப்பு போயிட்டுல்லா? நான் பாத்துட்டுத்தான போட்டேன்!" அவர் ஸ்கிரீனைக் காட்டினார். காட்டிய விரல் அப்படியே நின்றது. "சிவப்பு போயிட்டுன்னா ஏறிட்டான்னுதான அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார்.

பம்ப் உடனே நிற்காது. சுற்றிச் சுற்றித்தான் அடங்கும். அது அடங்கும் முன்பே நான் குழிக்கு ஓடிவிட்டேன். மாமாவுக்குக் காற்றுக் குழாய் பிடிக்கும் ஜெரோம் இரண்டு காலையும் சுவரில் ஊன்றி, குழாயை இழுத்துக்கொண்டிருந்தான். குழாய் கம்பி மாதிரி விறைத்து நின்றது.

"வரமாட்டேங்கு அண்ணே, வரமாட்டேங்கு. மாதாவே, வரமாட்டேங்கு."

நானும் பிடித்தேன். தண்ணீர் கலங்கிப் பழுப்பாக இருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நான் உங்கள் அம்மாவைத்தான் நினைத்தேன். அவளிடம் போய் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை.

பிறகு குழாய் தளர்ந்தது. தளர்ந்ததும் இன்னும் பயமாகிவிட்டது, அறுந்துவிட்டதோ என்று. ஒரு கை சுவர் ஏணியைப் பிடித்தது. மாமா வந்தான். முகத்தில் மாட்டியிருந்த நீச்சல் கண்ணாடி இல்லை. தோளில் கொட்டலசு கிழித்து, சதை வெள்ளையாகத் தெரிந்தது. கொஞ்சம் கழித்துத்தான் ரத்தம் வந்தது. படுக்கவைத்தோம். தண்ணீராகக் கக்கினான்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "என்ன மச்சான், சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு? நீயுமா குளிச்ச?"

ஜெரோம் சிரித்தான். சிரித்தபடியே அழுதான். நான் நடந்ததைச் சொன்னேன். காண்ட்ராக்டை க்ளோஸ் பண்ணிவிட்டார்கள் என்றேன்.

மாமா முழங்கையை ஊன்றிக் குழியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "நான் இன்னும் ஏறலையே மச்சான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. விளங்காமல் கேட்டான்.

4. காரணம்

இன்ஜினியர் சார் ஜீப்பில் வந்தார். மாமாவை அதே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆபீஸுக்குத் திரும்பியதும் காண்ட்ராக்டை மறுபடி திறக்கச் சொன்னார். க்ளோஸ் ஆனதைத் திறக்க சாஃப்ட்வேர் கம்பெனியைக் கேட்க வேண்டும். அதற்கு 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நிரப்பாமல் விடாது.

"டைப்பிங் மிஸ்டேக்னு போடும்வே."

நான் கீபோர்டில் கையை வைத்தேன். என் ஏஜென்சியின் தேதியும் உங்கள் பள்ளிக்கூடமும் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. ஆனால் குழாய் பிடித்த எரிச்சல் உள்ளங்கையில் இன்னும் இருந்தது. 'மூடும்போது ஆள் தண்ணீருக்குள் இருந்தார்' என்று அடித்தேன்.

சார் அதைப் படித்தார். திரும்பப் படித்தார். "இப்படியா எழுதுவீரு?" என்றார்.

"இதுதான சார் காரணம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்குவே" என்றார். அனுப்பச் சொல்லவில்லை, அழிக்கவும் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். நான் அனுப்பினேன்.

இதில் நான் கற்றுக்கொண்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஸ்கிரீன் பொய் சொல்லாது. நாம் சொன்னதைத்தான் அது திருப்பிச் சொல்லும். ஒன்றை முடிந்தது என்று நீங்கள் அமுக்கும் முன்னால், அதற்குக் கீழே யார் இருக்கிறார் என்று பார்த்து, முடிந்ததா என்று அந்த ஆளிடமே கேளுங்கள். அவரிடம் கேட்க முடியவில்லை என்றால் அமுக்காதீர்கள். யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மேஜைக்கு அடியிலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இழுத்தேன். பூட்டுகள் உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தன. பெரியதாக ஒன்றை எடுத்தேன். வாட்ச்மேனின் சைக்கிளுக்கு வைத்திருந்த எண்ணெயை அதன் வாய்க்குள் விட்டு, சாவியைப் போட்டு, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் திறந்தது. பூட்டிப் பார்த்தேன். கையால் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஃபைல் கட்டும் நாடாவைச் சாவியில் கோத்து முடிச்சுப் போட்டேன். ஈரமான தலை ஒன்று நுழைகிற அளவுக்கு, கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.