ஒரே கட்டளையில் இருநூற்று ஐம்பத்தாறு புள்ளிகள்

ஜொகூரில், ஸ்கூடாயில் நான் நிரல் எழுதும் சிறிய நிறுவனத்துக்குத் தம்போய் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வேலை வந்தது. மின்சுற்றுப் பலகைகளில் இருக்கும் பழுதை இனி கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் அதே பலகைகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

அன்று மாலையே அவளிடம் சொன்னேன். சோற்றைப் போட்டபடி கேட்டுக்கொண்டாள்.

"நீ செய்யலன்னா வேற ஆளு செய்யப் போறாங்க. ஒழுங்கா செய் லா," என்றாள்.

பலகையின் படத்தைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, ஒவ்வொரு புள்ளியையும் பூஜ்யம் அல்லது ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதை நல்ல பலகையின் படத்தோடு எக்ஸார் செய்தால், ஒத்துப்போகும் இடமெல்லாம் பூஜ்யமாகிவிடும். வேறுபடும் இடத்தில் மட்டும் ஒன்று நிற்கும். தொழிற்சாலையில் நடந்த முதல் சோதனையில் இதைப் புள்ளி புள்ளியாகச் செய்தேன். கணினி திணறியது. பலகைகள் நகர்ந்து வரும் பெல்ட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னால் நின்ற அக்காவின் தோழிகளில் யாரோ நிம்மதியாகச் சிரித்தது கேட்டது.

பிராசஸருக்குள் எண்களை ஏற்றி வைக்கும் அகலமான ரெஜிஸ்டர்கள் உண்டு. அவற்றில் இருநூற்று ஐம்பத்தாறு புள்ளிகளை வரிசையாக ஏற்றி, ஒரே கட்டளையில் எக்ஸார் செய்துவிடலாம். விடை முழுவதும் பூஜ்யமென்றால் அந்தத் துண்டில் பழுதில்லை, அடுத்ததற்குப் போகலாம். நிரலை அப்படி மாற்றி எழுதினேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த சோதனையில் பெல்ட் நிற்கவே இல்லை. பழுதான பலகைகள் மட்டும் தனியே ஒதுங்கின. என் மேலாளர் கைகொடுத்தார். நான் திரும்பியபோது அந்தப் பெண்கள் போய்விட்டிருந்தார்கள். அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா."

"கேண்டீன் மூடிருவாங்க. வா, போலாம்."

சில வாரங்களில் பலகை பார்க்கும் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். சிலரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அக்காவுக்கு அதில் இடமிருந்தும் அவள் போகவில்லை. சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் சேர்ந்துகொண்டாள். அவளுடைய நெருங்கிய தோழி பாலோ ஊரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அவளுக்குப் போன் செய்வாள். வேலை கிடைத்ததா என்று கேட்பாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். போனை என்னிடம் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.