பரமசிவம் வெப்பமண்டலத்துக்குத் தகவமைந்த வரலாறு

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் மின்கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் ஆலையொன்றில் பரமசிவம் பதினாறு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. சர்க்யூட் போர்டை வார்னிஷில் முக்கிக் காயவைத்து, 'ட்ராபிகலைஸ்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. ஏறத்தாழ நான்கு லட்சம் போர்டுகளுக்கு அவர் இந்தப் பட்டத்தை வழங்கியிருக்கிறார். பொருள் என்னவென்று எந்தப் போர்டும் கேட்டதில்லை.

சென்ற தையில் ஒரு நிரந்தர இடம் காலியானது. தன் வேலையை விளக்கத் தெரிந்தவருக்கே இடம் என்றார் மேலாளர் குருமூர்த்தி. வீட்டுக்கடன் என்றால் வங்கிக்காரர்கள் நிரந்தரக்காரரோடுதான் பேசுவார்கள். கெலமங்கலத்தில் லிண்டல் மட்டத்தில் நிற்கும் பரமசிவத்தின் வீடு கூரையைப் பார்க்க வேறு வழியில்லை.

கல்லூரியில் படிக்கும் மகள் ரஞ்சிதா பாடம் நடத்தினாள்.

"'ட்ராபிக்'னா கிரேக்கத்துல 'திரும்புறது'ன்னு அர்த்தம்ப்பா. சூரியன் வடக்க கடகரேகை வரைக்கும் போயித் திரும்பும். தெக்க மகரரேகை வரைக்கும் போயித் திரும்பும். நடுவுல இருக்கிறதுதான் ட்ராபிக்ஸ். அங்க சூடும் ஈரமும் ஜாஸ்தி, மிஷினுக்குப் பூஞ்சை பிடிக்கும். பிடிக்காம பக்குவம் பண்றதுதான் ட்ராபிகலைஸ்."

"ஓசூரு?"

"நாமளும் உள்ளதான் இருக்கோம்."

பரமசிவம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கிரேக்கர்கள் மார்கழியில் இந்தப் பக்கம் வந்ததில்லை என்பது அவருக்கு உறுதியாயிற்று.

நேர்காணலில் ரேகை பிசகாமல் ஒப்பித்தார். குருமூர்த்தி அசந்துபோனார்.

"அதெல்லாம் சரிய்யா. வெப்பமண்டலத்துல உக்காந்துக்கிட்டு எதுக்கு மங்கி குல்லா?"

"நான் சாத்தூர்க்காரன் சார். வெயில்ல வளந்த ஒடம்பு. இந்தக் குளிருக்கு என்னைய யாரும் வார்னிஷ்ல முக்கலையே!"

அறையே சிரித்தது. உண்மையில், சித்திரைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் இரண்டாம் நாளே முதுகெல்லாம் வேர்க்குரு தாங்காமல் ஓசூர் பஸ் பிடிக்கிறவர் அவர். நேர்காணலில் அதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

மறுவாரம் ஆணை வந்தது. பணி நிரந்தரம். 'குளிரில் அன்னார் படும் அவதியைப் பரிவுடன் கருதி' ஆலையின் பெட்டிகள் ஓடும் தூத்துக்குடிப் பக்கத்து அனல்மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி.

பரமசிவம் ஓடினார். "சார், குளிரு பழகிருச்சு."

"எப்பய்யா?"

"நேத்து சாயங்காலம் சார்."

"அப்ப முனிவேலுக்குக் குடுத்துரட்டுமா? அவனும் வரிசையில நிக்கிறான்."

வீட்டில் மனைவி ராசாத்தி ஆணையை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "கூரையப் போட்ரலாம். நானும் புள்ளையும் அதுக்குக் கீழ இருந்துக்கறோம். நீங்க போயிட்டு வாங்க" என்றாள், சந்தைக்கு அனுப்புவதுபோல.

பங்குனியில் கூரை ஏறியது. அதே வாரம் பரமசிவம் கடலோரத்தில் இருமுறை மயங்கி விழுந்தார். தெளிந்ததும் ஆய்வுப் படிவத்தை அவரே நிரப்பினார். ஜூஜுவாடியில் பக்குவம் செய்த போர்டு முந்நூற்றுப் பன்னிரண்டு. பூஞ்சை இல்லை, வெடிப்பு இல்லை, நிறமாற்றம் இல்லை. ஆய்வாளரின் முதுகைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.