மூன்று கோல் சீர்

சம்பந்தி ஊர் என்பதற்காக ஒடுகத்தூர் டீமிடம் வேண்டுமென்றே தோற்றார் என்று கோபால்சாமியைப் பேசுகிற வாய் எதுவும் உருப்படாது. பத்து வருடமாக மலைப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். ஒடுகத்தூர் ஆட்டத்தன்று அந்தப் பையன்களில் நான்கு பேர் வராமல் புளி உலுக்கக் கூலிக்குப் போய்விட்டார்கள். கிளப்பில் தெரிந்தால் அவர்களை டீமை விட்டே துரத்திவிடுவார்களே என்று, "நான்தான் அவுங்கள எறக்காம நிறுத்திவச்சேன்" என்று சொல்லிப் பழியை ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் கிளப் அறையில் ரசிகர்கள் கூடினார்கள். ஆனந்தன்தான் முதலில் எகிறினான்.

"இன்னா மாமா, பொண்ணு குடுத்த ஊருக்கு மூணு கோலும் சீரா குடுத்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"வேலூர்லருந்து புதுக் கோச்ச இட்டாரலாம். கண்ணமங்கலத்துப் பசங்க ஆறு பேர எறக்கலாம்" என்றான்.

"கோச்ச மாத்திக்கோங்கடா. நம்ம பசங்கள மட்டும் தள்ளாதீங்க. வேற எவன் அவுங்கள சேத்துக்குவான்?" என்றார் கோபால்சாமி.

"தோக்கறவனுக்கு இன்னாத்துக்கு டீமு? மொதல்ல நீ எழுந்து போ!" என்றான் ஆனந்தன்.

அந்த நால்வரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். உண்மையைச் சொல்ல ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. கோபால்சாமி அவர்களை ஒருமுறை பார்த்தார். அவரும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனவர்தான், பிறகு அந்த அறையை மிதிக்கவே இல்லை.