தாலியில் தொங்கிய பென் டிரைவ்

இன்ஸ்டால் பண்ணுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒரு கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேரை ஏற்றிவிட்டால் அது நாலு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேண்டாமென்று எடுத்தால் பாதி போகும், பாதி இருக்கும். ரெண்டு நாளைக்கென்று வந்த விருந்தாளி ரேஷன் கார்டில் பேர் சேர்க்கச் சொன்ன கதைதான். என் கட்சி போர்ட்டபிள் கட்சி. பிரவுசர், தமிழ் டைப்பிங், படம் வெட்டுவது, ஸ்லைடு போடுவது என்று எனக்கு வேண்டிய எல்லாமே ஒரு பென் டிரைவுக்குள் இருக்கும். எந்த மெஷினாக இருந்தாலும் சொருகுவேன், வேலை பார்ப்பேன், உருவிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கட்டுச்சோறு மாதிரி. போன இடத்தில் அடுப்பைத் தொடவே வேண்டாம்.

2008 வாக்கில் தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்தேன். சென்டர் நடத்திய அண்ணன் இன்ஸ்டால் கட்சி. காலையில் ஷட்டரைத் தூக்கியதுமே எங்கள் சண்டை ஆரம்பித்துவிடும். சாப்ட்வேரில் தொடங்கி, கரண்ட் கட், சாக்கடை, மார்க்கெட் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பது என்று போய், டீ வந்த பிறகுதான் ஓயும். யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது அவர் கட்சி. சொல்லாமல் எப்படி ஆகும் என்பது என் கட்சி.

அந்தப் பென் டிரைவை நான் தாலிக்கயிற்றில் கட்டியிருந்தேன். அதற்கு முன்னால் ஒன்று கைப்பையிலிருந்து விழுந்து பஸ்ஸிலேயே தொலைந்துபோயிற்று. கழற்றவே கழற்றாத இடம் அது ஒன்றுதானே? ஊக்கு தொங்குகிறது, பீரோ சாவி தொங்குகிறது, இதுவும் தொங்கட்டும் என்று இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டேன். சென்டரில் குனியாமல் சொருக ஒரு நீள வயர் வைத்திருந்தேன்.

"ஏத்தா, சாமி கும்பிடயில அதுக்கும் சேத்துக் குங்குமம் வச்சிருவ போல," என்று அண்ணன் கேலி பண்ணுவார்.

"வப்பேண்ணே. வைரஸ் அண்டாதுல்ல?"

எங்கள் ஊர் மயிலாடும்பாறையிலிருந்து உள்ளே போக வேண்டும். தேனியிலிருந்து பெரிய பஸ்ஸில் மயிலாடும்பாறை வரை வந்து இறங்கினால், அங்கிருந்து ஒரு மினி பஸ். அந்த மினி பஸ்ஸின் கடைசி நடை அந்த வருஷம் ஆனி பிறந்ததும் திடீரென்று நின்றுபோனது. காலையில் ஒழுங்காக வரும், சாயங்காலம் வராது. முதலாளியைக் கேட்டால், "ஏறுறதுக்கு ஆளே இல்ல. வெத்து வண்டிய ஓட்டி என்னத்தப் பண்ண? வண்டி ஷெட்லதான் நிக்குது," என்றார். ஆளா இல்லை? மில்லுக்குப் போகிற பெண்கள், காலேஜுக்குப் போகிற பிள்ளைகள், நான் எல்லாரும் ஓடைக்கரைப் பாதையில் இருட்டோடு இருட்டாக நடந்து போனோம். பாம்பும் உண்டு, குடித்துவிட்டுக் கிடக்கிறவர்களும் உண்டு.

என் வீட்டுக்காரர் தோட்ட வேலையை முடித்துவிட்டு டார்ச் லைட்டோடு எதிரே வந்து கூட்டிப்போவார். காலையில் தண்ணீர் பாய்ச்ச எழுந்த மனுஷன். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும். ஒருநாள் நடக்கும்போதே சொல்லிவிட்டார்.

"ஆவணி வரைக்கும் பாப்போம். வண்டி வரலன்னா வேலைய விட்ரு."

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மனுஷன் அசதியில் சொன்னார். ஆனால் அந்த வேலையை விட்டால் நான் நானாக இருக்க மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மறுநாளே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு மனு டைப் அடித்தேன்.

மனுவைக் கொடுத்ததில், ஆனி முடிகிற வாரத்தில் ஒருநாள் பிற்பகல் தேனியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் மில்லுக்குப் போகிற அக்கா ஒருவரும் போனோம். மாடியில் அதிகாரியின் அறையில் மினி பஸ் முதலாளி மடிப்புக் கலையாத வேட்டியில் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். அதே பாட்டைப் பாடினார்: ஆள் இல்லை, வெத்து வண்டி, ஷெட்டில் நிற்கிறது.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"சொல்லல சார். போட்டே காட்டுறேன்," என்றேன். என்ன தெனாவட்டு! பெண்கள் இருட்டில் வரிசையாக நடந்து வருகிற படங்கள், பாதையின் வரைபடம், கீழே தமிழில் விளக்கம் என்று ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்லைடு செய்திருந்தேன். மேசை ஓரத்தில் இருந்த ஆப்பரேட்டர் தம்பி, "வெளி சாப்ட்வேர் ஏத்தக் கூடாதுக்கா," என்றார். "ஏத்த மாட்டேன் தம்பி. வந்த தடமே தெரியாது," என்றேன். அதிகாரி சரியென்று தலையாட்டினார்.

கம்ப்யூட்டர் டப்பா மேசைக்கு அடியில், சுவரோரமாக இருந்தது. முன்பக்கத் துளை வேலை செய்யாதாம், பின்பக்கம்தானாம். நீள வயரோ சென்டரில் கிடக்கிறது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், கல் மாதிரி இறுகியிருந்தது. மூணு ஆம்பளைகள் இருக்கிற அறையில் தாலியைக் கழற்றி மேசைமேல் வைக்கவா முடியும்? மண்டி போட்டேன். சேலையைச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்து, கழுத்தை டப்பாவோடு ஒட்டிக்கொண்டு சொருகினேன்.

மேலே தம்பி, "அய்யய்யோ!" என்றார்.

"என்ன தம்பி?"

"ஆன்ட்டி வைரஸ் உங்க சாப்ட்வேரெல்லாம் வைரஸ்னு நெனச்சு அழிச்சிருச்சுக்கா. ஸ்லைடு தொறக்க மாட்டேங்குது."

பொசுக்கென்றாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, மேசைக்கு அடியில் யாரும் பார்க்கவில்லை. அதிகாரி, "சரி, எழுந்திரிம்மா," என்றார். எங்கே எழுந்திருப்பது? பென் டிரைவ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எடுக்காதே என்று திரையில் வந்திருக்கிறதாம். சென்டருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், கேட்காமல் உருவாதே, உள்ளே இருப்பது கெட்டுப்போகும் என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். நானே பிடுங்குவேனா?

"எடுக்கலாம்னு வரட்டும் சார். அதுவரைக்கும் அசைய மாட்டேன்," என்றேன் கீழேயிருந்து.

தம்பி கிளிக் பண்ணினார், வரவில்லை. மறுபடியும் பண்ணினார், அப்போதும் வரவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. என் கண்ணுக்கு எதிரே முதலாளியின் செருப்பு. அது தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவருக்குப் பொறுமை போயிற்று.

"சார், இந்தம்மா எந்திரிக்கிற மாதிரி தெரியல. எனக்கு உத்தரவு குடுத்தீகன்னா கெளம்பிருவேன். கம்பத்துல ஒரு பொண்ணழைப்பு. அஞ்சு மணிக்கு நிக்கணும்னு சொல்லியிருக்காக. வண்டி வேற இந்நேரம் வாசல்ல வந்து நிக்கும்."

மேசைக்கு அடியிலிருந்தே கேட்டேன்: "எந்த வண்டிண்ணே?"

செருப்பு தட்டுவதை நிறுத்தியது.

அதிகாரி எழுந்து ஜன்னலுக்குப் போகிற சத்தம் கேட்டது. மில் அக்காவும் பின்னாலேயே ஓடினார். "ஆத்தாடி! நம்ம வண்டி! முன்னாடி வாழக்கன்னு கட்டிருக்குடி!" என்று அவர் போட்ட சத்தம் மாடி முழுக்கக் கேட்டிருக்கும். மயிலாடும்பாறையைத் தாண்டி வெளியே வர பெர்மிட்டே இல்லாத வண்டி, எங்களைச் சுமக்க வேண்டிய சாயங்கால நடையை விட்டுவிட்டு, தேனியில் வாழைக்கன்றோடு கல்யாண வீட்டுக்குக் கிளம்பி நிற்கிறது. ஷெட்டில் நிற்கிற வண்டி!

"எடுக்கலாம்க்கா," என்றார் தம்பி. உருவிக்கொண்டு எழுந்தேன். முட்டியெல்லாம் தூசி. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்டர் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். "பாத்தியா, இன்ஸ்டால் பண்ணியிருந்தா அழிஞ்சிருக்குமா?" என்றார். போங்கண்ணே! இன்ஸ்டால் பண்ணியிருந்தால் நான் நாற்காலியில் உட்கார்ந்து படம் காட்டியிருப்பேன், அந்த ஆள் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பார். கழுத்தில் கட்டிக்கொண்டு போனதால்தான் அவர் வாயால் வந்தது. என் கட்சியை நான் இன்றுவரை மாற்றவில்லை.

ஆடி முடிவதற்குள் கடைசி நடை திரும்ப வந்தது. முதல் நாள் படியில் தொங்குகிற கூட்டம். எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கினேன். வீட்டுக்காரர் வழக்கம்போல நின்றிருந்தார், கையில் டார்ச் லைட் இல்லை. நடந்ததையெல்லாம் மில் அக்கா அவரிடம் ஏற்கெனவே ஒன்றுக்கு ரெண்டாகச் சொல்லியிருந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வேலைய விட்ரச் சொன்னீகளே?" என்று நானே ஆரம்பித்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து புதுக் கறுப்புக் கயிறு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நாளைக்கு வேலைக்குப் போகயில அந்தப் பென் டிரைவ இதுல மாட்டிக்க. நான் கட்டுன தாலி எவன் மேசைக்கு அடியிலயும் குனிய வேணாம்."

அங்கேயே நின்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். என்ன செய்தும் வரவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்க்க, ரோடு என்றுகூடப் பார்க்காமல், அவர்தான் குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார்.