ஒட்னியின் போலித் தோட்டா

ஸ்கார்டால் பள்ளத்தாக்கில் ஒட்னியைப் பால் லாரிக்காரி என்றால்தான் தெரியும். நார்வே நாட்டுப் பனி எத்தனை அடி விழுந்தாலும் பதினேழு பண்ணைகளுக்கும் அவள் லாரி போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அவள் அண்ணன் தோர்கிரிமைக் கேட்டால் லாரியை விட்டுவிட்டு வியாழக்கிழமைகளைப் பற்றித்தான் பேசுவார்.

குளிர்காலம் முழுக்க, வியாழன் மாலைகளில், பள்ளிக்கூடத்தின் நிலவறையில் ஒட்னி சுடக் கற்றுக்கொடுக்கிறாள். இது பத்தொன்பதாவது வருஷம். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அவளிடம் வருவார்கள். பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு காகிதக் குறி. அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். சிறுதுளைத் துப்பாக்கி என்பதால் சத்தம் கைதட்டியதுபோல இருக்கும், தோளில் உதைக்காது. "பெருசுல சுட்டா முகம் சுருங்கும், சின்னதுல சுட்டா முகம் மலரும்" என்பாள். வந்தவர் முதல் ஓட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிச் சிரிப்பதைப் பார்க்கத்தான் அவள் லாரியைக் கழுவிவிட்டு ஓடி வருகிறாள் என்று தோர்கிரிமுக்குத் தெரியும்.

போன ஜனவரியில் யோர்டிஸ் வந்தாள். அறுபத்தொரு வயது. கணவர் ஆர்ன்ஸ்டைன் இலையுதிர் காலத்தில் இறந்திருந்தார். எல்க் மான் வேட்டைக் குழுவில் அவருக்கு இருந்த இடத்தில் தானே நிற்கவேண்டும் என்பது அவள் ஆசை. குழுத் தலைவர் தோர்கிரிம். வேட்டைக்கு முன் எல்லோரும் கொடுக்கும் தேர்வுதான் அவளுக்கும்: நூறு மீட்டரில், மான் உருவத்தின் மார்பு வட்டத்துக்குள் ஐந்து குண்டும் விழவேண்டும். ஆகஸ்டுக்குள் தேறாவிட்டால் அந்த இடம் ஆர்ன்ஸ்டைனின் பெரியப்பா மகனுக்குப் போய்விடும்.

இளமையில் ஆர்ன்ஸ்டைன் ஆசையாகத் தன் பெரிய துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொன்னார். தோள் பத்து நாள் கறுத்துக் கிடந்தது. அன்று முதல் விசையில் விரல் வைத்தாலே அவளுக்குக் கண் மூடிக்கொள்ளும், தோள் துள்ளும். சிறு துப்பாக்கியிலும் அதே கதைதான்.

ஒட்னி அவளுக்கு முதுகைக் காட்டி நின்று தோட்டா போட்டுக் கொடுத்தாள். சிலது நிஜம், சிலது போலி. எது எதென்று சொல்லமாட்டாள். போலி வெடிக்காது, உதைக்காது; உதைக்குப் பயந்து தோள் துள்ளினால் அதில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நான்காவது முறை 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. குண்டே இல்லாத துப்பாக்கியின் முனை ஒரு சாண் கீழே குத்தியது.

பெஞ்சில் உட்கார்ந்து பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் தின்றுகொண்டிருந்த தோர்கிரிம் வாய்விட்டுச் சிரித்தார்.

ஒட்னி திரும்பினாள். "அண்ணா, வாயைத் துடைச்சிட்டு இங்க வந்து படு."

"நாப்பது வருஷமா எல்க் அடிக்கிறவன்டி நான்."

"அதனாலதான் கூப்பிடுறேன்."

பாயில் படுத்தார். முதல் இரண்டும் பொத்தானுக்குள் போயின. மூன்றாவதில் 'டிக்'. துப்பாக்கி முனை தரையை முத்தமிடப் போனது. நாற்பது வருஷம் பெரிய துப்பாக்கி உதைத்த உதையெல்லாம் அவர் தோளிலும் ஒளிந்திருந்தது.

"தலைவருக்கு என்ன, கரண்ட் அடிச்சுதா?" என்றாள் யோர்டிஸ். கணவர் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள்.

அடுத்த வியாழனிலிருந்து யோர்டிஸின் பாய்க்குப் பக்கத்தில் தோர்கிரிமின் பாயும் விரிந்தது. "உதை வர்றதை எதிர்பாக்காதீங்க அக்கா. குறியை மட்டும் பாருங்க. விரல் அதுபாட்டுக்கு அழுத்தட்டும்" என்று ஒட்னி சொல்வதை அண்ணனும் காதில் வாங்கிக்கொண்டார். மார்ச்சுக்குள் யோர்டிஸின் ஐந்து ஓட்டைகளை ஒரு காசால் மூடலாம் என்றாகிவிட்டது. மே மாதம் வெளி மைதானத்தில் மறுபடியும் பெரிய துப்பாக்கியை எடுத்தாள்.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை தேர்வு. ஆர்ன்ஸ்டைனின் துப்பாக்கி ஒரு தடவைக்கு மூன்று தோட்டாதான் கொள்ளும். மூன்றையும் சுட்டாள்; மூன்றும் வட்டத்துக்குள். நான்காவதுக்குக் கன்னத்தைப் பதித்தாள். பதற்றத்தில் எண்ணிக்கை தப்பி, மறுபடி நிரப்ப மறந்துவிட்டாள். பின்னால் நின்ற தோர்கிரிமுக்கு அது தெரிந்தது. வாய் திறக்க அனுமதி இல்லை. அவர் கண் அவளுடைய தோளிலேயே இருந்தது.

'டிக்'.

துப்பாக்கி அசையவில்லை. முனை கல்லில் பதித்ததுபோல நின்றது.

"காலி. சுட்ட கணக்குல வராது, நிரப்பிக்கங்க" என்றார் தேர்வாளர். அவருக்கு அது வெறும் மறதி. ஒட்னியோ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யோர்டிஸ் நிதானமாக இரண்டு தோட்டா போட்டாள். இரண்டு வெடி. தேர்வாளர் தூரநோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அஞ்சும் உள்ள" என்றார்.

தோர்கிரிம் குறியைப் பார்க்கப் போகவில்லை. தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யோர்டிஸிடம் வந்து, "செப்டம்பர் இருபத்தஞ்சாந் தேதி காலைல அஞ்சு மணிக்கு வேட்டை. ஓடைக்கு மேல, ஆர்ன்ஸ்டைன் நின்ன பாறைதான் உங்களுக்கு" என்றார்.

"அவரோட காப்பிக் குடுவையையும் கொண்டு வரலாமா?"

"அது இல்லாம வராதீங்கக்கா."

"அண்ணா," என்று கூப்பிட்டாள் ஒட்னி. "அடுத்தது நீ. வந்து படு."