நோட்டீஸில் இல்லாத மகள்

அப்பா செத்தபோது பேப்பரில் கொடுத்த நோட்டீஸில் என் பெயர் இல்லை. தம்பி, தம்பி மனைவி, தங்கை, தங்கை புருஷன், பேரப்பிள்ளைகள், எல்லாரும் இருந்தார்கள். நான் வேறு சாதியில் கட்டினவள். அதனால் பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வருஷம் அம்மா படுக்கையில் விழுந்தாள். அவள் நோட்டீஸிலும் என் பெயரை விட்டுவிடுவார்கள் என்று தெரியும்.

இப்போது நான் இருப்பது அமெரிக்காவில், சன்னிவேல் என்ற ஊரில். இங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்குச் சமையல், துணை இரண்டும் நான்தான். என் வீட்டுக்காரர் ஓட்டலில் தோசை மாஸ்டர். கிழவியின் முன்னோர் அயர்லாந்துக்காரர்கள். அவருடைய பாட்டியைப் பெற்றவர் எந்த ஆள் என்று உறுதியாகத் தெரியவில்லை. ஒரே பெயரில் பல பேர். லைப்ரரியிலிருந்து பழைய பேப்பர்களின் சாவு நோட்டீஸ்களைப் பிரதி எடுத்து வைத்திருந்தார். அவருக்குக் கண் மங்கல். நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்வேன்.

ஒரு நோட்டீஸ் பொருந்தியது. பெயர் சரி, தெருவும் சரி. கீழே நாலு பிள்ளைகள் பெயர். பாட்டி பெயர் மட்டும் இல்லை.

"இது வேற ஆள்" என்று காகிதத்தைத் தள்ளினார்.

"பாட்டி யாரைக் கட்டினாங்க?" என்று கேட்டேன்.

"வேற சபைக்காரரை. பாட்டி பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம். ஏன்?"

"அப்ப இதே ஆள்தான்."

"அவ பேரே இல்லையே!"

"அதனாலதான் சொல்றேன். எங்க ஊர்லயும் இப்படித்தான் விடுவாங்க."

"உன் ஊரும் என் ஊரும் ஒண்ணா?"

"சாவு நோட்டீஸ்ல ஒண்ணு."

அடக்கம் செய்த இடம் நோட்டீஸிலேயே இருந்தது. காரில் கூட்டிப்போனேன். பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போகாத குடும்பம் என்னுடையது. போனேன்.

கல் தேய்ந்து கிடந்தது. தேய்த்தால் எழுத்து தெரியும் என்று ஒரு டப்பா கோலமாவு கொண்டுபோயிருந்தேன். திறந்ததுமே கிழவி கத்தினார்.

"வைடி அதை! கல்லு கெட்டுப்போகும்."

கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். கல்லின் பக்கவாட்டில் வெயிலைத் திருப்பி அடித்தேன். எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெயர். அதன் கீழ் அவர் பிறந்த ஊர், அயர்லாந்தில் ஏதோ ஒரு சின்ன கிராமம்.

கிழவி கல்லைப் பிடித்துக்கொண்டார். பாட்டியின் கல்லிலும் அதே கிராமம்தான் வெட்டியிருக்கிறதாம்.

"பாவி. பெத்த பொண்ணையே விட்டுட்டியே" என்று கல்லை ஒரு தட்டு தட்டினார்.

வீட்டுக்கு வந்தேன். "குளிச்சிட்டு உள்ள வா" என்றார் வீட்டுக்காரர்.

"குளிக்கலைங்க. பசிக்குது, சோறு போடுங்க."

அடுத்த மாசம் அம்மா போய்விட்டாள். இங்கேயே தங்க கிரீன் கார்டுக்கு மனு போட்டிருந்தோம், அது இன்னும் முடியவில்லை. நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப வர முடியாது. தம்பிக்கு போன் போட்டேன். அழுது முடித்தோம்.

"நோட்டீஸ்ல என் பேரைப் போடு."

"அக்கா, எந்த நேரத்துல எதைப் பேசறே? சொந்தபந்தம் எல்லாம் வந்து உக்காந்திருக்குது."

"இருக்கட்டும். அவங்களும் படிக்கட்டும்."

"அப்பனுக்கே போடல. இப்ப மட்டும் எப்படிப் போடறது?"

"அப்ப நான் கேக்கல. இப்பக் கேக்கறேன்."

போடமாட்டேன் என்றான். போடவும் இல்லை. மறுநாள் பேப்பர் வந்ததும் தங்கை படம் எடுத்து அனுப்பினாள். பார்த்துவிட்டு அதே பேப்பர் ஆபீசுக்கு நானே பேசினேன்.

"மேடம், இந்தம்மாவுக்கு இன்னிக்கே விளம்பரம் வந்துருச்சுங்களே?" என்றார் அங்கிருந்தவர்.

"அதுல ஒரு மக விட்டுப்போச்சுங்க. நாளைக்கு இதைப் போடுங்க."

அம்மா படம். கண்ணீர் அஞ்சலி. மூத்த மகள் என்று என் பெயர். மருமகன் என்று என் வீட்டுக்காரர் பெயர். அடுத்து என் பிள்ளைகள். நான் பிறந்த ஊரையும் போடச் சொன்னேன், சன்னிவேலையும் போடச் சொன்னேன்.

அது வந்த அன்றைக்கே தம்பி கூப்பிட்டான்.

"டீக்கடை முழுக்க இதே பேச்சு. மானம் போச்சு. என்ன பண்ணி வெச்சிருக்கே நீ?"

"எழுத்து நல்லாத் தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. ஊருக்கே தெரியுது!"

"அது போதும்" என்று வைத்துவிட்டேன்.