தண்ணீரில் ஊர்களைப் பார்த்தவர்

புத்தூர் பேருந்து நிலையத்தில் இட்லிக்குக் காத்திருந்தபோது கலாவின் அழைப்பு வந்தது. "அண்ணா, நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." அவள் கணவர் முனிகிருஷ்ணன் முந்தின நாள் மாலைவரை என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தவர்.

சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பது எங்கள் வேலை. அவர் கையில் ஸ்பேனரை, உடன் வேலை செய்யும் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவருடைய செல்போனில் இருந்த படங்களைச் சிலர்தான் பார்த்திருப்பீர்கள்.

வடமாலபேட்டையில் மழை விட்ட ஒரு பகலில் அவர் குட்டையோரம் குந்தியிருந்தார். எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இன்னாப்பா தேடிக்கினு கீற?"

"ஆஸ்பத்திரி தண்ணில எவ்ளோ சுத்தமா கீது, வந்து பாரு." குட்டையில் தலைகீழாகத் தெரிந்த சுகாதார நிலையத்தைச் செல்போனில் படம் எடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் பயணம் நீண்டது. பேருந்துக் கண்ணாடி, சலூன் கண்ணாடி, ஓட்டல் சாம்பார் வாளி, எதில் பிம்பம் தெரிந்தாலும் அவரிடம் தப்பாது. ஏன் நேராக எடுப்பதில்லை என்று கேட்டால், "நேரா எடுத்தா நான் பாக்கறதுதான வரும்?" என்பார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

ஒருமுறை சத்தியவேட்டில், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பேருந்தின் ஜன்னலைப் படம் எடுத்தார். உள்ளே இருந்த பெண் விடுவிடுவென்று இறங்கி வந்தாள்.

"ஏமய்யா, நான் அழுதுக்கினு இருக்கசொல்ல யாரக் கேட்டு எடுத்த?"

சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. நான் வண்டியைக் கிளப்பினேன். அவர் நகரவில்லை. செல்போனை அவள் கையிலேயே கொடுத்தார். "நீயே அழிச்சிடும்மா. கண்ணாடில மரம்தான் தெரிஞ்சிச்சி. உன்ன நான் பாக்கல. தப்புதான்."

அவள் படத்தை உற்றுப் பார்த்தாள். அழித்தாள். பேருந்தில் ஏறிக்கொண்டாள். அன்று மாலை நகரியில் தன் வீட்டு வாசலில் இறங்கும்போது, "மரத்த எடுத்தேன்னு நெனச்சேன். அவ துக்கத்தத்தான் எடுத்துக்கீறேன்" என்றார்.

பிறகு மனிதர் யாராவது தெரிந்தால் கேட்காமல் எடுக்கமாட்டார். பிச்சாட்டூர் ஏரியில் வலை அலசிக்கொண்டிருந்தவரிடமும் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "தண்ணில கீறவனக் கேளு, என்ன எதுக்குக் கேக்கற?" என்றார். முனிகிருஷ்ணன் குனிந்து தண்ணீரைப் பார்த்து, மிகுந்த மரியாதையுடன், "எடுக்கலாங்களா?" என்றார். மூவரும் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன.

காரியம் முடிந்த மறுநாள் கலா அவர் செல்போனை என்னிடம் நீட்டினாள். "எனக்குச் சமைக்கற வேலையே சரியாப் போச்சு. அவரு காட்டவந்தா அப்புறம் பாக்கறேன்னுவேன். இதெல்லாம் எந்த ஊருண்ணா?"

ஒவ்வொரு படமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்றில் மட்டும் திணறினேன். வாய்க்கால் தண்ணீரில் ஒரு நீலக் கதவு, பாதி திறந்திருக்கிறது. நான் உடன் இல்லாத ஒரு நாளில் எடுத்திருக்கிறார்.

"உங்களுக்கே தெரியலயா?" கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கண்டுபுடிச்சா என்னியும் இட்டுக்கினு போங்க."

அவர் செல்போனிலிருந்து அந்த ஒரு படத்தை மட்டும் என் செல்போனுக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது வேலை முடிந்ததும் நேரே வீடு திரும்புவதில்லை. வாய்க்கால் ஓடும் தெரு எதுவானாலும் வண்டியைத் திருப்பிவிடுகிறேன்.